கொடுக்கிற கைக்கும் கூச்சம் வேண்டும்

இந்த இதழை வாசிக்கிறவர்களில் பலர் வார இறுதியில் எங்கேயாவது பாடம் சொல்லிக் கொடுப்பவர்களாக இருப்பீர்கள். கோயில் மண்டபத்தில் சமய வகுப்பு, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கணித டியூஷன், பள்ளி விடுமுறையில் முகாம் என்று ஏதாவது ஒன்று. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். சனிக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பிபிஆர் அடுக்குமாடியில் இரண்டு மணி நேரம். மதியம் கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போய் அங்கே இரண்டு மணி நேரம். நான்கு வருடமாக இப்படி ஓடுகிறது.

சேவை நல்லதா என்று விவாதிக்க நான் வரவில்லை. நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. என் கேள்வி கொஞ்சம் சின்னது. உதவி வாங்குகிற பிள்ளையின் முகம் யாருக்குச் சொந்தம்?

பள்ளி திறப்பதற்கு முன்னால் நம் வட்டாரத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மண்டபம், பேனர், மாலை, ஒரு பிரமுகர். மேடை ஓரத்தில் பள்ளிப் பைகள் மலைபோல் குவிந்திருக்கும். மைக்கில் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூடவே 'பி40 குடும்பம்', 'தனித்து வாழும் தாயின் பிள்ளை' என்று ஒரு விளக்கமும் சேர்ந்து வரும். பிள்ளை மேடையேறிப் பையின் ஒரு வாரைப் பிடிக்கும். கொடுப்பவர் மறு வாரை உடனே விடமாட்டார். போட்டோ எடுப்பவர் "இங்க பாருங்க, சிரிங்க" என்று சொல்லி முடிக்கும் வரை, இரண்டு பேரும் ஒரே பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நாலைந்து விநாடி பை யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அமைப்பு கிள்ளானில் இப்படி ஒரு நிகழ்ச்சி நடத்தியது. எங்கள் வகுப்புப் பிள்ளைகளையும் அழைத்திருந்தார்கள். நான் துணைக்குப் போயிருந்தேன். படிவம் 1இல் படிக்கிற ஒரு பையன், பெயர் கூப்பிட்ட பிறகும் எழுந்திரிக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து என்னடா என்று கேட்டேன்.

"வேணாம்ணே."

"ஏண்டா, பை பிடிக்கலையா?"

"பை ஓகேதாண்ணே. எங்க கிளாஸ் பையனுங்க பேஸ்புக் பாக்க மாட்டானுங்க. அவனுங்க அம்மாங்க பாப்பாங்க."

பதின்மூன்று வயதுப் பிள்ளை. எங்கள் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசியும் பிடிபடாத ஒன்றை இரண்டு வரியில் சொல்லிவிட்டான். அவனுடைய பழைய பையில் ஜிப் அறுந்துபோய் ஊக்கு குத்தியிருந்தது. புதுப் பை அவனுக்குத் தேவை என்பதில் சந்தேகமே இல்லை. நிகழ்ச்சி முடிந்த பிறகு பின்னால் வந்து வாங்கிக்கொள்ளட்டுமா என்று ஏற்பாட்டாளர் ஒருவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "வெட்கப்பட்டா எப்படிப்பா முன்னேறுவான்?" பையன் பையில்லாமல் வீட்டுக்குப் போனான்.

அவர் கெட்டவர் இல்லை. அந்த அறுபது பைகளுக்காக எத்தனை பேரிடம் போனில் கெஞ்சியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெட்கம் என்ற ஒன்று அந்த மண்டபத்தில் இருந்தது. யாருக்கு வந்திருக்க வேண்டியது அது?

தைத்திரீய உபநிடதத்தில் சீக்ஷாவல்லி என்று ஒரு பகுதி உண்டு. படிப்பை முடித்து வீட்டுக்குத் திரும்பப் போகிற மாணவனுக்குக் குரு சொல்லும் அறிவுரை அதில் வருகிறது. இந்தக் காலத்துப் பட்டமளிப்பு விழா உரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை பேசு, தாயைத் தெய்வமாக நினை என்பதெல்லாம் நாம் சமய வகுப்பில் கேட்டு வளர்ந்தவை. அதே இடத்தில் எப்படிக் கொடுக்க வேண்டும் என்றும் குரு சொல்கிறார். சிரத்தையோடு கொடு என்கிறார். அதற்குப் பிறகு கூச்சத்தோடு கொடு, பயத்தோடு கொடு என்கிறார். முதல் தடவை வாசித்தபோது எனக்குப் புரியவில்லை. கொடுக்கிறவன் எதற்குக் கூச்சப்பட வேண்டும்? நல்ல காரியம்தானே செய்கிறான்?

இப்போது எனக்குப் புரிகிறபடி சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். ஒரு பிள்ளைக்குப் பை இல்லை, எனக்கு வாங்கிக் கொடுக்க முடிகிறது. இந்த வித்தியாசம் என் திறமையால் மட்டும் வந்ததில்லை. எங்கள் அப்பாவுக்கு வேலை நிலைத்தது, அவனுடைய அப்பாவுக்கு நிலைக்கவில்லை. எங்களைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றிய நேரத்தில் பட்டணத்தில் ஒரு மாமா இருந்தார், அவர்களுக்கு யாரும் இல்லை. இதைக் கொஞ்சம் யோசித்தாலே கை நீட்டும்போது ஒரு கூச்சம் தானாக வரும். அந்தக் கூச்சத்தை நாம் ஏற்காவிட்டால் அது மறைந்துபோவதில்லை, எதிரில் நிற்கிறவன் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பகவத் கீதையின் பதினேழாவது அத்தியாயம் கொடையை மூன்றாகப் பிரிக்கிறது. அதில் மதிப்பில்லாமல், இகழ்ச்சியோடு கொடுப்பதைக் கடைசி வகையான தாமசத்தில் போட்டிருக்கிறார்கள். பொருள் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நம் பெரியவர்கள் நினைக்கவில்லை.

இதை எங்கள் குழுவில் பேசினபோது எங்கள் பொருளாளர் அக்கா ஒரே போடாகப் போட்டார். மாமாக் கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் நடந்த பேச்சு அது.

"நீ நல்லா உபநிஷத் பேசு. போட்டோ இல்லாம எவன்டா காசு கொடுப்பான்? போன மாசம் போட்டோஸ்டேட்டுக்கு மட்டும் எவ்வளவு ஆச்சு தெரியுமா?"

அக்கா சொன்னதைத் தள்ளிவிட முடியாது. கொடுக்கிறவர்களுக்குத் தங்கள் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. நம் சமூகத்தில் பொதுப்பணம் என்றாலே சந்தேகம் வருகிற நிலைமைக்குக் காரணங்களும் உண்டு. ஒரு படத்தைப் பார்த்து இன்னொருவர் உதவ முன்வருகிறார் என்பதும் உண்மை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கணக்குக் கேட்கிறவருக்குக் கணக்குப் புத்தகத்தைக் காட்டலாம். பில்லைக் காட்டலாம். பிள்ளைகள் எழுதிய பயிற்சித் தாளைக் காட்டலாம், வகுப்புக்கே வந்து பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல்லலாம். இத்தனையும் இருக்கும்போது பிள்ளையின் முகம்தான் ரசீது என்று யார் முடிவு செய்தது?

வாங்குகிற பிள்ளையின் முகம் தெரியும் படம் இனி கிடையாது என்று முடிவெடுத்தோம். இரண்டு நன்கொடையாளர்கள் சரி என்றார்கள். ஒருவர், பேனரும் படமும் இல்லையென்றால் தங்கள் கம்பெனிக்குக் காட்ட ஒன்றுமில்லை என்று நாகரிகமாக விலகிக்கொண்டார். மூன்று மாதம் போட்டோஸ்டேட் செலவை நாங்கள் ஆளுக்கு 30 வெள்ளி போட்டுச் சமாளித்தோம். அக்கா தன் பங்கைக் கொடுத்துக்கொண்டே "உன் உபநிஷத்துக்கு மாசம் முப்பது வெள்ளி" என்று சொல்லிச் சிரித்தார். இப்போதும் சொல்வார்.

பிள்ளைகளின் முகத்தைக் காட்டவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிபிஆர் வகுப்பில் ஓர் அம்மா என்னைத் தேடி வந்து, "தம்பி, எம் பொண்ணு மேடையில வாங்குனாளே, அந்தப் போட்டோ இருந்தா குடுங்க, பிரேம் போடணும்" என்று கேட்டார். அது திருக்குறள் மனனப் போட்டியில் அந்தப் பெண் வாங்கிய பரிசு. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தப் படம் அவளைப் பற்றி என்ன சொல்கிறது? இவள் ஒன்றைச் சாதித்தாள் என்கிறது. பை வாங்கும் படம் அந்தப் பையனைப் பற்றி என்ன சொல்கிறது? இவன் வீட்டில் இல்லை என்கிறது. மேடை ஒன்றுதான், கேமரா ஒன்றுதான், சொல்லும் செய்தி வேறு. முதல் படம் அவள் வீட்டுச் சுவரில் தொங்கும். இரண்டாவது படத்தை எந்த அம்மாவும் பிரேம் போட்டு நான் பார்த்ததில்லை. அது கொடுத்தவர் அலுவலகத்தில்தான் தொங்கும்.

பிரிக்பீல்ட்ஸில் நடந்து பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அதனால் துன் சம்பந்தன் சாலையில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைத் தினமும் பார்க்கலாம். சாலையைக் கடக்க உதவுகிறேன் என்று புதிதாக வருகிறவர்கள் அவர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். முறை அதுவல்ல. முதலில் வேண்டுமா என்று கேட்க வேண்டும். வேண்டும் என்றால் நம் முழங்கையைக் கொடுக்க வேண்டும், அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். நாம் அவரைப் பிடிப்பதில்லை, அவர்தான் நம்மைப் பிடிக்கிறார். வேண்டாம் என்று தோன்றினால் அவரே கையை எடுத்துக்கொள்ளலாம். உதவி ஒன்றுதான், ஆனால் எப்போது விடுவது என்கிற முடிவு யார் கையில் இருக்கிறது என்பதில் எல்லாமே மாறிவிடுகிறது. மேடையில் பையின் மறு வாரை விடாமல் பிடித்திருக்கும் கையை நினைத்துப் பாருங்கள்.

அதே பிரிக்பீல்ட்ஸில் 1904இல் இலங்கைத் தமிழர்கள் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம் இருக்கிறது. சுவாமிஜி 1895-96இல் நியூயார்க்கில் கர்ம யோகம் பற்றிப் பேசியபோது, உயரத்தில் நின்றுகொண்டு ஏழைக்குப் போடுகிற மனப்பான்மையைக் கண்டித்தார். கொடுக்க வாய்ப்புத் தந்ததற்காக வாங்குகிறவனுக்குக் கொடுப்பவன்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றார். எனக்கு இது பிடிக்கும். ஆனாலும் இதில் ஓர் ஆபத்து இருப்பதாகப் படுகிறது. கொஞ்சம் கவனம் தப்பினால், 'என் மனசு சுத்தமாக அந்தப் பையன் ஒரு வாய்ப்பு' என்கிற இடத்துக்குப் போய்விடுவோம். அப்போதும் நான்தான் கதாநாயகன், அவன் எனக்கு ஏணி. சுவாமிஜி அதைச் சொல்லவில்லை, நாம் அப்படி வசதியாக எடுத்துக்கொள்கிறோம். வேலைக்கு மனுப் போடும்போது 'சமூக சேவை' என்று எழுதிக்கொள்வது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உழைத்தீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிள்ளையின் முகத்தை ஒட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

கிள்ளானுக்கு ரயிலில் போகும்போது அடிக்கடி ஒரு விஷயம் நினைவுக்கு வரும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் அதை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர். அவர்களுடைய கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது, மருத்துவ வசதி இருந்தது, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இருந்தது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் இருந்தது. இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரைமாரும் கிராணிமாரும் எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்கிற வழக்கம் ஒழிய வேண்டும், சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக விட வேண்டும். அரசாங்கம் படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

யோசித்துப் பாருங்கள். அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர்கள் சம்பள உயர்வோடு நிறுத்திக்கொள்ளவில்லை, சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள். வயிற்றுக்கும் மானத்துக்கும் ஒரே பட்டியலில் இடம் கொடுத்தார்கள். பிள்ளைகளின் படிப்பும் அதே பட்டியலில்தான் இருந்தது. அதற்கெல்லாம் 80 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் படிக்கிற ஊரில், ஒரு பிள்ளை மேடைக்கு வரமாட்டேன் என்கிறான். நாம் அவனுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்கிறோம். எனக்கென்னவோ அவன் சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த மாதிரிதான் பட்டது.

சரி, வேறு எப்படித்தான் கொடுப்பது? இங்கே வள்ளுவர் எனக்கு ரொம்ப உதவினார். ஈகை அதிகாரம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தின அதிகாரம் ஒப்புரவறிதல், 22ஆவது. பள்ளியில் இரண்டையும் ஒன்றுபோலப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஒன்றுதான் என்றால் அவர் எதற்கு இரண்டு அதிகாரம் எழுத வேண்டும்? ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. அங்கே கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், முகத்துக்கு முகம். ஒப்புரவு அப்படியில்லை. ஊரோடு சேர்ந்து வாழ்கிறவன் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை அது. அதற்கு அவர் காட்டும் உவமைகளைப் பாருங்கள்: மழை, நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவில் பழுத்த மரம், மருந்து மரம். ஊருணியில் தண்ணீர் எடுக்கிறவர் பெயரை யாரும் மைக்கில் கூப்பிடுவதில்லை. பணக்காரர் வீட்டுக் குடமும் ஏழை வீட்டுக் குடமும் ஒரே படியில் இறங்குகின்றன. ஊருணிக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. தண்ணீர் கலங்கியிருந்தால் திட்டுவார்கள்!

அந்தத் திட்டுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் கிள்ளான் வகுப்பில் தொடக்கத்திலிருந்தே மாதம் 10 வெள்ளி கட்டணம் வாங்குகிறோம். அந்தப் பத்து வெள்ளி எதற்கும் காணாது. ஆனால் அதைக் கட்டுகிற ஓர் அம்மா ஒரு நாள் வாசலில் நிறுத்திக் கேட்டார்: "என்ன தம்பி, மூணு வாரமா பின்னமே ஓடுது, எம் பையனுக்கு இன்னும் கூட்டத் தெரியலையே?" இலவசமாக நடக்கும் வகுப்புகளில் இப்படி ஒரு கேள்வி வந்து நான் பார்த்ததில்லை. அங்கே "ரொம்ப நன்றிங்க சார்" மட்டும்தான் வரும். கும்பிட்டுக்கொண்டே வரும். குறை சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறவருக்கு நாம் செய்வது சேவையா, வேறு ஏதாவதா? அந்த அம்மா கேட்ட பிறகு நான் ரொட்டிச் சானாயைப் பிய்த்து வைத்துப் பின்னம் நடத்தினேன். கூட்டல் வந்தது, வகுப்பு முழுக்கக் கறிக்குழம்பு வாடையும் வந்தது.

இது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. 1982இல் டாக்டர் தம்பிராஜாவும் பல்கலைக்கழக மாணவர்களும் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தைப் பற்றி உங்கள் வீட்டு அண்ணன், அக்காவைக் கேளுங்கள். அங்கே படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் பலர் திரும்பி வந்து அடுத்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். கல்வி யாத்திரை என்று பத்துமலைக்குப் போவார்கள். படிக்கிற பிள்ளை, சொல்லிக் கொடுக்கிறவர், பெற்றோர் எல்லாரும் அங்கே சேர்ந்தே நடப்பார்கள். இன்றைக்கு வாங்குகிறவன் நாளைக்குக் கொடுப்பான் என்று ஆகிவிட்டால், கொடுப்பவர் வாங்குபவர் என்ற கோடே அழிந்துபோகிறது. வள்ளுவர் ஒப்புரவு என்று சொன்னதற்கு நம் நாட்டில் எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

இந்த வருடம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்காரர் 40 பைகள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். படம் வேண்டுமா என்று கேட்டோம். "பை கிழியாம இருக்கான்னு ஆறு மாசம் கழிச்சு சொல்லு, அது போதும்" என்றார். வகுப்பறைப் பின் மேசையில் அடுக்கி வைக்கப் போகிறோம். கட்டணம் கட்டுகிறவர், கட்டாதவர் என்று பார்க்காமல், வேண்டியவர்கள் வந்து பிடித்த நிறத்தை எடுத்துக்கொள்ளலாம். வசதியான பிள்ளையும் ஒன்று எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று அக்கா கேட்டார். போகட்டும் என்றேன். யார் பை வைத்திருக்கிறார் என்பதை வைத்து யார் வீட்டில் இல்லை என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும் இல்லையா? அதற்கு நாலைந்து பை கூடுதலாகச் செலவானால் பரவாயில்லை.

இப்போது எங்களுக்குள் ஓடுகிற சண்டை அந்தப் பத்து வெள்ளியைப் பற்றித்தான். பிபிஆர் வகுப்பிலும் கட்டணம் வைக்கலாம் என்பது என் கட்சி. கட்ட முடியாதவர்கள் வந்து 'முடியவில்லை' என்று சொல்ல வேண்டியிருக்குமே, அதுவும் மேடை மாதிரிதானே என்பது அக்காவின் கட்சி. நியாயமான கேள்வி. வாசலில் ஒரு தகரப் பெட்டி வைத்து, போடுகிறவர் போடட்டும், யார் போட்டது என்று எழுத வேண்டாம் என்று ஒரு தங்கை யோசனை சொல்லியிருக்கிறாள். அப்படிச் செய்தால் குறை சொல்லும் உரிமை எல்லாருக்கும் வருமா, அல்லது யாருக்குமே வராமல் போகுமா என்று தெரியவில்லை. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை கூடிப் பேசுகிறோம். உங்கள் வகுப்பில் யாராவது இந்த மாதிரிப் பெட்டி வைத்துப் பார்த்திருந்தால் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன்.